வீடு யார் பேருக்கு?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சாப்பிட்டுக் கைகழுவிக் கிளம்பும்போது உறவில் யாராவது ஒருவர் கேட்டுவிட்டுத்தான் போவார்: "வீட்டை உங்க பேருக்கு மாத்தியாச்சா?" நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார். அவர் மனசில் அது ஈ.பி. கார்டில் பெயர் மாற்றுவது போன்ற ஒரு வேலை. பத்திரம் கணவர் பெயரில் இருந்தது, அவர் போய்விட்டார், இனி மனைவி பெயர். நம்மில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் உயில் எழுதாமல் இறந்தால், அந்த நிமிடமே வீடு அவருடைய வாரிசுகள் அத்தனை பேருக்கும் சேர்ந்து போய்விடுகிறது. எந்த அலுவலகமும் அதை மாற்றித் தர வேண்டியதில்லை. தாலுகா அலுவலகமும் மாநகராட்சியும் செய்வதெல்லாம், ஏற்கெனவே நடந்துவிட்ட மாற்றத்தைத் தங்கள் பதிவேட்டில் ஏற்றுவது மட்டுமே. பட்டாவில் பெயர் ஏறிவிட்டதால் மட்டும் ஒருவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார், ஏறாததால் உரிமை போய்விடவும் செய்யாது. உச்ச நீதிமன்றம் இதைப் பலமுறை சொல்லியாகிவிட்டது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது "எப்படி மாற்றுவது?" என்பதல்ல. "இப்போது வீடு யார் யாருடையது?" என்பதுதான்.

யாருக்கு எவ்வளவு

இந்துக் குடும்பங்களுக்கு 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாமல் ஓர் ஆண் இறந்தால் முதல் வகுப்பு வாரிசுகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். ஆளுக்கு ஒரு பங்கு, சமமாக. மகனோ மகளோ முன்பே இறந்திருந்தால் அவர்களுடைய பங்கு அவர்கள் பிள்ளைகள் வழியில் போகும். இறந்த மகனுக்கு மனைவி இருந்தால் அவரும் அதில் சேர்வார். கல்யாணமாகிப் போன மகளுக்கும் அதே பங்குதான். "சீர் செஞ்சு அனுப்பியாச்சே" என்பது வீட்டுத் திண்ணையில் செல்லும், நீதிமன்றத்தில் செல்லாது. இறந்தவரின் தந்தை உயிரோடு இருந்தாலும், மேற்சொன்னவர்களில் ஒருவர் இருக்கும்வரை அவருக்குப் பங்கு இல்லை. தாய்க்கு உண்டு, தந்தைக்கு இல்லை.

இந்தத் தாயின் பங்கைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதனால் வருகிற சிக்கலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

மதுரையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டே முக்கால் சென்ட் மனை, தளம் போட்ட வீடு, இன்றைய மதிப்பு 48 லட்சம். கணவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கியது, பத்திரம் அவர் பெயரில் மட்டும். அவர் இறக்கும்போது மனைவி, ஒரு மகன், ஒரு மகள், வயதான தாய் இருக்கிறார்கள். நான்கு பேர், நான்கு பங்கு, ஆளுக்கு 12 லட்சம். தாய் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. இன்னொரு மகன் வீட்டில் இருந்தாலும் பங்கு பங்குதான்.

குடும்பத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருடம் போகிறது, பாட்டியும் இறந்துவிடுகிறார். இனி பாட்டியின் பங்கு நமக்குத்தான் வரும் என்று மருமகள் நினைக்கிறார். வராது. பெண்ணின் சொத்துக்கு வாரிசு அவருடைய மகன்கள், மகள்கள், கணவர், முன்பே இறந்த பிள்ளைகளின் பிள்ளைகள். இந்தப் பாட்டிக்கு இறந்துபோன மகனைத் தவிர இன்னொரு மகனும் ஒரு மகளும் உண்டு, கணவர் முன்பே காலமாகிவிட்டார் என்றால், அவருடைய 12 லட்சம் மூன்றாகப் பிரியும். கொழுந்தனாருக்கு 4 லட்சம், நாத்தனாருக்கு 4 லட்சம், இறந்த மகனின் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து 4 லட்சம். மருமகளுக்கு அதில் ஒரு காசு இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். மகனுக்கு 14 லட்சம், மகளுக்கு 14 லட்சம், மனைவிக்கு 12 லட்சம், கொழுந்தனாருக்கும் நாத்தனாருக்கும் நான்கு நான்கு. முப்பது வருடம் அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கியவரின் பங்கு பிள்ளைகளுடையதைவிடக் குறைந்துவிட்டது என்பது ஒருபுறம். இனிமேல் அந்த வீட்டை விற்க வேண்டுமென்றாலும், வங்கியில் வைத்துக் கடன் வாங்க வேண்டுமென்றாலும் கூடுதலாக இரண்டு குடும்பங்களின் கையெழுத்து வேண்டும் என்பது மறுபுறம். கொழுந்தனாரும் இறந்துவிட்டால் அந்த 4 லட்சத்துக்கு அவர் மனைவி, பிள்ளைகள் எல்லாம் வந்து நிற்பார்கள். வாரிசுரிமைக்குக் காலக்கெடு இல்லைதான், "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடலாம்தான். ஆனால் தள்ளிப்போடத் தள்ளிப்போட, ஒவ்வொரு சாவுக்கும் கையெழுத்துப் போட வேண்டியவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும்.

பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு வேறு. பிள்ளைகளுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு, இறந்தவருடைய தனிப் பங்கு மட்டுமே மேலே சொன்னபடி பிரியும். மகளுக்கும் அந்தப் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் கொண்டுவந்தது, அப்போது மணமாகாத மகள்களுக்கு மட்டும். 2005இல் மத்திய அரசின் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. 2005க்கு முன்பே தந்தை இறந்திருந்தாலும் மகளின் பிறப்புரிமை போகாது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பூர்வீகமா, சுயசம்பாத்தியமா என்ற சந்தேகம் இருந்தால் பத்திர எழுத்தரிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள். வழக்கறிஞரிடம் மூலப் பத்திரத்தைக் காட்டிக் கேளுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளைகள் இருக்கும்போது இறந்தவரின் தாய்க்குப் பங்கில்லை. முஸ்லிம் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லாவிட்டால் நான்கில் ஒன்று. பிள்ளைகள் இருக்கையில் தாய்க்கு ஆறில் ஒன்று. மகனுக்கு மகளைப் போல இரண்டு மடங்கு. சிறப்புத் திருமணச் சட்டத்தில் திருமணத்தைப் பதிந்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும், இருவரும் இந்துக்களாக இருந்தால் ஒழிய.

மூன்று தவறான நம்பிக்கைகள்

முதலாவது, "பத்திரம் எங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, அதனால இனி எனக்குத்தான்" என்பது. வங்கிக் கணக்கில் இருவரில் ஒருவர் போனால் மற்றவர் பணம் எடுக்கலாம் என்று பார்த்துப் பழகியதால் வந்த நினைப்பு இது. வீட்டுக்கு அந்த விதி இல்லை. பங்கு குறிப்பிடாமல் இருவர் பெயரில் வாங்கியிருந்தால் மனைவிக்குப் பாதி ஏற்கெனவே சொந்தம். கணவரின் பாதி மட்டும் வாரிசுகளுக்குப் பிரியும், அதிலும் மனைவிக்கு ஒரு பங்கு கிடைக்கும். மேலே சொன்ன மதுரை வீடு இருவர் பெயரிலும் இருந்திருந்தால் மனைவிக்கு 24 லட்சமும் அதற்குமேல் 6 லட்சமும். முழுசும் இல்லை, ஆனாலும் நல்ல பாதுகாப்பு. வீடு வாங்கும்போது இரண்டு பெயரைப் போடுங்கள் என்று சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

இரண்டாவது, நாமினி. அடுக்குமாடிச் சங்கத்திலோ கூட்டுறவு வீட்டுச் சங்கத்திலோ மனைவி பெயரை நாமினியாகக் கொடுத்திருக்கிறார் என்பதால் வீடு மனைவிக்கு ஆகிவிடாது. நாமினி என்பவர் பெற்றுக்கொள்ளும் கை, அவ்வளவுதான். உரியவர்கள் வாரிசுகள்.

மூன்றாவதாக, வாரிசுச் சான்றிதழ் கிடைத்துவிட்டால் சொத்து வந்துவிட்டது என்ற நினைப்பு. அந்தச் சான்று, இறந்தவருக்கு இன்னின்னார் வாரிசு என்று தாசில்தார் சொல்வது. யாருக்கு எத்தனை பங்கு என்று அது சொல்வதில்லை, சொல்லவும் முடியாது.

இன்னொன்றும் ஊரில் பேசுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்: விதவை மறுமணம் செய்துகொண்டால் முதல் கணவர் சொத்தில் உரிமை போய்விடும் என்று. போகாது. ஒருமுறை வந்து சேர்ந்த பங்கு அவருடைய முழுச் சொத்து.

உயில் இருந்தால்

சுயசம்பாத்திய வீட்டைக் கணவர் மனைவிக்கே உயில் எழுதி வைத்திருந்தால் மேலே சொன்ன பங்குக் கணக்கு எதுவும் இல்லை. முஸ்லிம்களுக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்குக்குமேல் உயிலில் எழுத முடியாது, மற்ற வாரிசுகள் சம்மதித்தால் தவிர. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்து போட்டிருக்க வேண்டும், அது மட்டும் தவறக்கூடாது. பதிந்திருந்தால் நல்லது, ஏனென்றால் பின்னால் யாராவது "அது அப்பா கையெழுத்தே இல்லை" என்று கிளம்பினால் பதில் சொல்லச் சுலபம்.

பழைய சென்னை நகர எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கு இந்து ஒருவர் எழுதிய உயிலை உயர் நீதிமன்றத்தில் புரொபேட், அதாவது உயில் செல்லும் என்ற சான்று, வாங்காமல் பயன்படுத்த முடியாது என்று நெடுங்காலம் இருந்தது. மதுரைக்காரருக்கும் கோவைக்காரருக்கும் அந்தக் கட்டாயம் முன்பும் இல்லை. அதை விதித்த இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் நீக்கிவிட்டது. ஆனாலும் உயிலில் தகராறு கிளம்பும் என்று தோன்றினால் புரொபேட் வாங்கிவைப்பதே புத்திசாலித்தனம்.

காகிதங்கள், வரிசைப்படி

முதல் காகிதம் இறப்புச் சான்றிதழ். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. மருத்துவமனையில் இறந்தால் அவர்களே தகவல் கொடுப்பார்கள், கிராமத்தில் வீட்டில் இறந்தால் வி.ஏ.ஓ.விடம் பதிய வேண்டும். இங்கேதான் பெரும்பாலான தலைவலிக்கு வித்து விழுகிறது. மருத்துவமனை வாசலில் அழுதுகொண்டு நிற்கிற மைத்துனரிடம் பெயர் கேட்பார்கள், அவர் கூப்பிட்டுப் பழகிய பெயரைச் சொல்லுவார். இறப்புச் சான்றில் "மணி" என்று வரும், ஆதாரில் "சுப்பிரமணி", 1994இல் எழுதிய பத்திரத்தில் "கே. சுப்பிரமணியன்", ரேஷன் கார்டில் அதுவும் வேறு. ஒவ்வொரு மேசையிலும் "இவரும் அவரும் ஒருத்தர்தானா?" என்ற கேள்வி வரும். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். பெயர், தந்தை பெயர், முகவரி, தேதி. பிழை இருந்தால் அந்த வாரமே போய்த் திருத்துங்கள்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்று, குடும்ப அட்டை, எல்லா வாரிசுகளின் ஆதார் வேண்டும். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரித்து அறிக்கை அனுப்ப, தாசில்தார் அலுவலகம் சான்று தரும். எல்லாப் பெயரையும் எழுதுங்கள். துபாயில் இருக்கும் மகன், பேச்சுவார்த்தை இல்லாத மகள், மாமியார், எல்லோரையும். ஒரு பெயரை விட்டு வாங்கிய சான்றை வைத்துச் செய்யும் எந்தப் பத்திரமும் விடுபட்டவர் வந்து கேட்கும் நாளில் ஆட்டம் காணும். இரண்டு திருமணம் போன்ற தகராறு இருந்தால் தாசில்தார் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார். இந்துக் குடும்பத்தில் முதல் மனைவி இருக்கையில் நடந்த இரண்டாம் திருமணத்தின் மனைவிக்குப் பங்கில்லை, ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தந்தையின் சொத்தில் உண்டு.

சிலர் வங்கிக்காரர் சொன்னார் என்று நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று வாங்க ஓடுவார்கள். அது வைப்புத்தொகை, பங்குப் பத்திரம் மாதிரியானவற்றுக்கு. வீட்டுக்கு அது தேவையில்லை.

இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கிடைப்பதற்குள் வீட்டுப் பத்திரங்களை எடுத்து வரிசைப்படுத்துங்கள்: மூலப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள், பட்டா, வீட்டு வரி ரசீது. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் அடமானமோ ஒப்பந்தமோ இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

வீட்டுக் கடன் இருந்தால் வங்கிக்கு உடனே எழுத்தில் தகவல் கொடுங்கள். கடன் வாங்கும்போது சேர்த்துக் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். பிரீமியம் கடன் தொகையோடு சேர்ந்தே போயிருக்கும், வீட்டில் யாருக்கும் தெரியாது. காப்பீடு இருப்பது தெரியாமலே மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. கடன் முழுதும் அடைந்தபின் 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து அது நடப்பில் இருக்கிறது. கடன்காரர் இறந்துபோனால் வாரிசுகளிடம் பத்திரத்தைத் திருப்பித் தரும் நடைமுறையை வங்கிகள் வகுத்து வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் உண்டு.

ஒரே பெயருக்குக் கொண்டுவர

எல்லா வாரிசுகளும் சேர்ந்தே வைத்துக்கொள்வதாக இருந்தால் புதுப் பத்திரம் எதுவும் தேவையில்லை. இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் வைத்து எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்கி, வீட்டு வரியை மாற்றிவிட்டால் போதும். செலவும் சொற்பம்.

மனைவி ஒருவர் பெயருக்கே வர வேண்டும் என்றால் மற்றவர்கள் தங்கள் பங்கை அவருக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். வெள்ளைத்தாளிலோ நூறு ரூபாய் முத்திரைத்தாளிலோ "எனக்கு வேண்டாம்" என்று எழுதி, ஊர்ப் பெரியவர் முன்னால் கையெழுத்துப் போடுவதால் பங்கு கைமாறாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால்தான் உண்டு. விடுதலை என்பது கூட்டு உரிமையாளருக்கு மட்டும் கொடுக்க முடிந்தது என்பதையும் கவனியுங்கள்.

குடும்ப உறுப்பினர்களுக்கு இடையே எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலை 10க்கு முன்புவரை இவை 25,000, 4,000 என்று இருந்தன. மகனும் மகளும் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தால் இந்தச் சலுகை உண்டு. ஆனால் சலுகைக்குரிய குடும்பப் பட்டியலில் மருமகள் வரமாட்டார். மாமியார் மருமகளுக்கு எழுதினால் வெளியாருக்கு எழுதுவது போல முழுத் தீர்வை கேட்பார்கள். பேரன், பேத்தி அந்தப் பட்டியலில் உண்டு. அதனால் மாமியார் தன் பங்கைப் பேரப் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுப்பதுதான் செலவு குறைந்த வழி. அதற்கும் அவருக்கு மனமில்லை, தான் இருக்கும்வரை தன் பங்கு தன்னிடமே இருக்கட்டும் என்று நினைத்தால், அதுவும் நியாயம்தான். அப்போது மருமகளுக்கோ பேரப் பிள்ளைகளுக்கோ அந்தப் பங்கை உயில் எழுதி வைக்கலாம். உயிலுக்குத் தீர்வையே இல்லை. மதுரை வீட்டில் பாட்டி இருக்கும்போதே அப்படி ஒரு தாள் எழுதியிருந்தால் கொழுந்தனார் வீட்டுப் படியேறும் வேலை வந்திருக்காது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வர முடியாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கிப் பொது அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இதை விட்டுவிட்டு மறுபடி அனுப்பச் சொல்லி அலைபவர்கள் ஏராளம்.

வாரிசுகளில் மைனர் இருந்தால் விஷயமே வேறு. கணவர் இளவயதில் இறந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வீடுகளில் இதைக் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தாய் இயற்கைக் காப்பாளர்தான். என்றாலும் மைனர் பிள்ளையின் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ விட்டுக்கொடுக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. செய்தால், பிள்ளை 18 வயதுக்குப் பின் மூன்று ஆண்டுக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். விவரம் தெரிந்த யாரும் அப்படிப்பட்ட வீட்டை வாங்கமாட்டார்கள். விற்கும் அவசரம் இல்லையென்றால் எல்லோர் பெயரிலும் அப்படியே இருக்கட்டும். குடியிருக்கவும் வாடகைக்கு விடவும் அது தடையில்லை.

பத்திரம் பதிந்தபின் பட்டா. உட்பிரிவு தேவையில்லாத மனைக்கு வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பட்டா இன்னும் மாமனார் பெயரிலோ, மனையை விற்ற பழைய ஆள் பெயரிலோ இருந்தால் முதலில் அந்தச் சங்கிலியைச் சரிசெய்ய வேண்டும். நம் ஊரில் வீடு வாங்கி இருபது வருடம் பட்டாவைத் திரும்பிப் பார்க்காதவர்கள்தான் அதிகம். தாசில்தார் நிராகரித்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், அதன்பின் மாவட்ட வருவாய் அலுவலர். வீட்டு வரி, குடிநீர், மின் இணைப்பு எல்லாம் கடைசியில் போதும். அவற்றில் பெயர் மாறாததால் எதுவும் முழுகிவிடாது, மறக்காமல் கட்டிக்கொண்டு வந்தால் சரி.

வாரிசாக வீடு வந்ததற்கு வரி உண்டா என்று பலரும் கேட்கிறார்கள். இல்லை. எஸ்டேட் டூட்டி என்று ஒன்று இருந்தது, 1985இல் எடுத்துவிட்டார்கள். பின்னால் விற்கும்போது மூலதன ஆதாய வரி வரும், அவரவர் பங்குக்கு அவரவர். இறந்தவர் வாங்கிய விலையே வாங்கிய விலையாகக் கணக்கில் வரும், அவர் வைத்திருந்த காலமும் சேரும். அதனால் பழைய பத்திரத்தைப் போலவே கட்டுமானச் செலவு ரசீதுகளையும் தூக்கிப் போடாதீர்கள்.

அம்மா கையெழுத்து

இதுவரை சொன்னது மனைவி பெயருக்குக் கொண்டுவருவது. நடப்பில் பத்திர அலுவலகங்களில் அதிகம் பார்ப்பது இதற்கு நேர் எதிர். "உங்களுக்கு எதுக்கும்மா அலைச்சல், என் பேர்லயே இருக்கட்டும்" என்று மகன் சொல்வார், அம்மா கைநாட்டோ கையெழுத்தோ போட்டுவிடுவார். மகன் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. மகன் கடன்பட்டாலும், மகன் முன்பே இறந்தாலும், வீடு அம்மா கையில் இல்லை.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு ஒன்று உண்டு. கவனித்துக்கொள்வார் என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்து, அவர் கவனிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம். ஆனால் அப்படி ஒரு நிபந்தனை இருந்தது என்று காட்ட முடியாவிட்டால் இந்தப் பிரிவு உதவாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்கும் ஒரு தாய் எழுதிய விடுதலைப் பத்திரத்தைப் பற்றியதுதான். ஆகவே எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் பராமரிப்பு நிபந்தனையையும், ஆயுள்வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். "எதுக்கு அதெல்லாம்" என்று பத்திர எழுத்தர் சொன்னால் வேறு எழுத்தரைப் பாருங்கள். என் கருத்தைக் கேட்டால், கணவர் இறந்த முதல் ஒரு வருடத்துக்கு எந்த விடுதலைப் பத்திரத்திலும் மனைவி கையெழுத்துப் போடாமல் இருப்பது நல்லது. அந்த ஒரு வருடத்தில் வாரிசுச் சான்றும் கூட்டுப் பட்டாவும் வாங்கினால் யாருக்கும் நட்டமில்லை.

வீடு மனைவி பெயரில் இருந்து, அவர் முதலில் இறந்தால்? கடனுக்காகவும் வேறு காரணங்களுக்காகவும் மனைவி பெயரில் வாங்கிய வீடுகள் நம்மிடம் நிறைய. இந்துப் பெண்ணுக்கு உயில் இல்லையென்றால் கணவர், மகன்கள், மகள்கள் சமமாகப் பெறுவார்கள். அவருடைய தாய்க்கு அதில் இடமில்லை. ஆண் இறந்தால் தாய்க்குப் பங்கு, பெண் இறந்தால் தாய்க்கு இல்லை என்ற இந்தச் சட்டம் எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் இன்றைய சட்டம் அதுதான். பிள்ளை இல்லாத பெண் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பெற்றோர் வழி வந்த வீடு அவருடைய தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும், தானே சம்பாதித்து வாங்கியது கணவருக்கும், கணவர் இல்லாவிட்டால் கணவரின் வாரிசுகளுக்கும் போகும். சம்பாதித்து வீடு வாங்கிய பெண்கள் ஒரு உயில் எழுதி வைப்பது அவசியம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று பெண்கள் இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இறப்புச் சான்றையும் மூலப் பத்திரத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.